பதினொன்றாம் தாளில் பாடியது யார்

காசியானோ சுருபியின் காதுக்குத் தப்பி ஒரு பிசிறு போனதில்லை. சாந்தா குரூஸ் நகரத்தில், டயர் கடைக்கு மேலே இருந்த ஒலிப்பதிவு அறையில் அவன் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். பாட வருகிறவர்களுக்கு அவனிடம் ஒரு நடுக்கம் இருக்கும். ஒரு பெண் பாடி முடித்து, முகமெல்லாம் மலர்ச்சியாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இவன் பொத்தானை அழுத்தி, "உனக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல் ஒண்ணு இல்ல, சரிதானே?" என்று கேட்பான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அப்புறம் அவள் பாடுவது எதுவும் முதலில் பாடியதுபோல இருக்காது. அது அவனுக்குத் தெரியும்.

பிறந்தது சான் பர்தோலோவில். சிவப்பு மண், மரத்தூண் வைத்த பெரிய மாதா கோயில், அதன் பின்கட்டில் பாதிரிமார் காலத்துத் தாள்கள் பெட்டி பெட்டியாக. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யார் எழுதியது என்று பெயர்கூட இல்லாத பாட்டுகள். தாளுக்கு ஒரு எண் போட்டு, அந்த எண்ணையே பாட்டுக்குப் பெயராகச் சொல்வது ஊர் வழக்கம். "இன்னிக்கு ஏழு பாடலாமா, ஒன்பது பாடலாமா?" என்றுதான் பேசிக்கொள்வார்கள். பதினொன்றாம் தாள் மாலை வழிபாட்டுக்கு உரியது. ஒற்றை ஆண்குரல், இரண்டு பிடில், ஒரு ஆர்கன். அந்தக் குரல் முதல் இரண்டு வரியில் கீழேயே உலாத்திவிட்டு, மூன்றாம் வரியில் மூச்சு விடாமல் மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நிற்க முடிந்தவன் ஊரில் பெரிய ஆள்.

பெரிய ஆள் அண்ணன்தான். நெமேசியோ சுருபி, தச்சன், மூன்று வயது மூத்தவன். பாடகர் குழுவில் காசியானோவும் இருந்தான், பதினோரு வயது வரை. ஒரு சனிக்கிழமை குழுத்தலைவர் எல்லாரையும் நிறுத்தி ஒவ்வொருவனாகப் பாடச் சொன்னார். காசியானோ பாடியதும், "நீ இனிமே வீட்லயே இருப்பா" என்றார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நெமேசியோ அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்து, எண்ணெய் போடாத கதவு திறக்கிற மாதிரி மூக்கால் ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினான். அம்மா சிரித்தாள். அப்பா சிரித்தார். மறுநாள் தெரு சிரித்தது. அதற்குப் பிறகு சான் பர்தோலோவில் காசியானோவுக்குப் பெயர் கதவு. கடைக்காரர் முதல் காவல்காரர் வரை, "என்னடா கதவு, எங்க கிளம்பிட்ட?" என்றுதான் கேட்டார்கள்.

பட்டாளத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தான். பங்குக் கோயில் வானொலியில் குமிழ் திருப்புகிற வேலை கிடைத்தது. அங்கேதான் தன் காது எப்படிப்பட்டது என்று அவனுக்கே தெரிந்தது. பிறகு சாந்தா குரூஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தி ஆறு மாதம் கூட இருந்தாள். "நான் பேசறதை நீ கேக்கறதில்ல, என் குரல்ல என்ன கோளாறுன்னு கேட்டுட்டு இருக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி என்றுதான் அவனும் நினைத்தான். போகும்போது அவளுக்குக் குரல் கம்மியிருந்ததையும் குறித்துக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பெல்ஜியத்திலிருந்து யோஸ்ட் என்று ஒருவர் வந்தார். பழைய இசையைப் பதிவு செய்து உலகமெல்லாம் விற்கிற ஒரு கம்பெனியின் தயாரிப்பாளர். ஒல்லியான மனிதர், வெயில் பட்டால் காது மடல் சிவந்துவிடும். சான் பர்தோலோ குழுவின் பாட்டுகளை அதே கோயிலில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும் என்றார். காசியானோவைக் கைகாட்டினார்கள். பத்து வருஷம் கழித்து அவன் சொந்த ஊருக்கு ஒரு வண்டி நிறையக் கருவிகளோடு போய் இறங்கினான்.

கோயில் வாசலில் நெமேசியோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். உடம்பு போட்டிருந்தது. மனைவி தோமிங்கா, எட்டு வயது மகள் நினோஸ்கா, குழு முழுக்கப் பின்னால் நின்றது.

"யோஸ்ட் ஐயா, இவனை நம்பி வந்திருக்கீங்களே, இவன் வாயைத் திறந்துடாமப் பாத்துக்கங்க. கோயில் கதவெல்லாம் தானா திறந்துக்கும்!" என்றான் நெமேசியோ. எல்லாரும் சிரித்தார்கள். அர்த்தம் புரியாமல் யோஸ்டும் சிரித்தார். காசியானோவும் சிரித்துக்கொண்டே கேபிளை இறக்கினான்.

பதிவுக்கு மதிய நேரம்தான் சரி என்று முடிவாயிற்று. ஒரு மணியிலிருந்து மூன்று வரை ஊரே வலையூஞ்சல் கட்டித் தூங்கும், மோட்டார் சைக்கிள் ஓடாது. ஆனால் கதவு சன்னல் எல்லாம் சாத்தினால் உள்ளே அடுப்புதான்.

மைக்கை எங்கே வைப்பது என்று யோஸ்ட் கேட்டார். காசியானோவுக்கு விடை தெரியும். அந்தக் கோயிலின் சத்தம் பத்தாவது பெஞ்சுக்கு மேலே இருக்கிறது. மண்சுவர் மேல்ஸ்தாயியின் கூர்மையைத் தின்றுவிடும், மரக்கூரை மீதியைச் சூடாக்கித் திருப்பித் தரும். அங்கே உயரத்தில் இரண்டே இரண்டு மைக் தொங்கவிட்டால் போதும். அண்ணனுக்கு மேலே ஏறும்போது சுருதி ஒரு மயிரிழை இறங்கும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தூரத்து மைக்கில் அதைக் கோயில் மூடிவிடும். இத்தனை தலைமுறையாக மூடிக்கொண்டுதானே வந்தது.

"கிட்ட வைக்கணும். வாய்க்கு ஒரு சாண்" என்றான் காசியானோ.

யோஸ்டுக்குச் சந்தோஷம். அவருக்கும் கிட்டே வைப்பதுதான் பிடிக்கும். கையில் எல்லாம் தனித்தனியாக இருந்தால் பிறகு எப்படி வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

பதினொன்றாம் தாளை மூன்றாம் நாள் எடுத்தார்கள். முதல் தடவை, மூன்றாம் வரியில் நெமேசியோவின் சுருதி இறங்கியது. மைக் ஒரு சாணில் இருந்ததால், மலையிலிருந்து கல் உருண்ட மாதிரி இருந்தது. யோஸ்ட் ஹெட்போனைக் கழற்றாமல் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை சுருதி நின்றது, மூச்சு உடைந்தது.

"அவரிடம் இது உள்ளதா?" என்று யோஸ்ட் தம் ஓட்டை ஸ்பானிஷில் கேட்டார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றான் காசியானோ.

அந்த நேரத்தில் யோஸ்டுக்குத் தலை சுற்றியது. வெயில் அவரை மூன்று நாளாகத் துரத்திக்கொண்டிருந்தது. பீடத்துக்குப் பின்னால் அவர்கள் உட்கார்ந்து பதிவு செய்த பொருள்வைப்பறையில், கருவிகளுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துச் சாமியார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே குழு மட்டும் இருந்தது. காசியானோ சும்மா இருக்கக்கூடாதே என்று டேப்பை ஓடவிட்டு, "நாலாவது" என்று மைக்கில் எண் சொன்னான்.

வெள்ளைக்காரர் போய்விட்டார் என்றதும் நெமேசியோவின் தோள் இறங்கிவிட்டது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். பிடில்காரனிடம் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தான். பிறகு பாடினான்.

முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் குரல் ஏறியது. ஏறுவதே தெரியவில்லை. ஏறி அங்கே நின்றது. ஹெட்போனுக்குள் அண்ணனின் உதடு பிரிகிற சத்தம், நாக்கின் ஈரம், அதற்கெல்லாம் மேலே, கறையில்லாமல், நடுங்காமல் அந்தக் குரல். கோயிலுக்கு வெளியே ஒரு சேவல் கூவியது. குரல் அதையும் தாண்டிப் போய் மெல்ல இறங்கி முடிந்தது. காசியானோவின் கையில் மயிர் குத்திட்டு நின்றது. ஒரு பாட்டு அவனுக்கு அப்படிப் பிடித்தது அவன் நினைவில் அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேஜையில் மூக்கால் கத்திக் காட்டிய அதே வாய்.

"எப்படிடா கதவு? வந்துச்சா?" என்று நெமேசியோ கத்தினான்.

"சேவல் கூவிடுச்சு. ஆகாது" என்றான் காசியானோ.

பத்து நிமிஷ வேலை அது. சேவல் கூவிய இடத்தில் மூன்றாம் தடவையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டினால் தீர்ந்தது. குறிப்பேட்டில் நான்குக்கு நேரே 'சேவல், பயன்படாது' என்று எழுதினான். யோஸ்ட் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததும் ஐந்தாவது எடுத்தார்கள். நெமேசியோ களைத்திருந்தான், சுருதி மறுபடி இறங்கியது. மறுநாள் காலை மற்றதையெல்லாம் கணினிக்கு மாற்றிய காசியானோ நாலாவதை மட்டும் விட்டுவிட்டான். மத்தியானம் அதே டேப்பின் மேல் ஆர்கன் தனியாகப் பதிவாகி நாலாவது அழிந்தது.

யோஸ்ட் சாந்தா குரூஸ் வந்து டயர் கடை மாடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். "பிடில் அழகு. கோரஸ் அழகு. இந்த மனிதர் முடியாது" என்றார். அர்ஜென்டினாவில் கோர்தோபாவிலிருந்து பிரிசுவேலா என்று ஒரு பாடகரை வரவழைத்தார். பிரிசுவேலா ஹெட்போனில் பிடிலைக் கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் பாடிவிட்டு, தன் பெயர் உறையில் வராது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டார்.

முதல் இரண்டு வரி நெமேசியோ. மூன்றாம் வரியிலிருந்து பிரிசுவேலா. அந்த இணைப்பை மறைக்கிற வேலை காசியானோவுடையது. பன்னிரண்டு நாள் செய்தான். பிரிசுவேலாவின் குரலில் அண்ணனின் அடித்தொண்டைக் கரகரப்பைக் கொஞ்சம் தடவினான். அண்ணன் மூச்சு இழுக்கிற சத்தத்தை வெட்டி எடுத்துப் பிரிசுவேலாவின் வரிகளுக்கு முன்னால் வைத்தான். மூச்சு ஒருவனுடையது, பாட்டு இன்னொருவனுடையது. கடைசியில் யோஸ்ட் எல்லாவற்றின் மேலும் எங்கோ ஒரு கல் தேவாலயத்தின் எதிரொலியைத் தாராளமாக ஊற்றினார். மண்சுவர் கோயில் மறைந்தது. காசியானோ செய்த வேலைகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான்.

சிடி ஊருக்கு வந்தபோது, குழு முழுக்க நெமேசியோ வீட்டு மாமரத்தடியில் உட்கார்ந்து கேட்டது.

"நம்ம கோயில் எப்ப இவ்ளோ பெருசாச்சு?" என்றான் பிடில்காரன். "எனக்கே குளுருது."

பதினொன்றாம் தாள் வந்தது. மூன்றாம் வரியில் தோமிங்கா மேசைத் துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். நெமேசியோ வாயைத் திறந்தபடி கேட்டான். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் எவனுக்கும் அது வேறு யாருடையதோ மாதிரித்தான் இருக்கும். அவன் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டான்.

"இது நானா!" என்றான். பிறகு தம்பியைக் கட்டிப் பிடித்தான். "கதவு, என்னடா பண்ணின? நான் இவ்ளோ நல்லா பாடுவேன்னு எனக்கே தெரியாதுடா!"

"நீ பாடினதுதான் அண்ணே. நான் தூசி தட்டினேன், அவ்வளவுதான்" என்றான் காசியானோ. அன்றைக்கு அவன் சிச்சா என்ற சோளக் கள்ளை மூன்று குவளை குடித்தான். தன் வாழ்நாளில் அந்த மத்தியானம்தான் நிறைவான மத்தியானம் என்று அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

சிடி உலகத்தில் ஓடியது. அதைக் கேட்டவர்கள் இரண்டு வருஷத்துக்கொருமுறை நடக்கிற இசைவிழாவுக்கு சான் பர்தோலோ தேடி வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பதினொன்றுக்காகக் காத்திருப்பார்கள். நெமேசியோ பாடுவான். மண்சுவர் பாதியைத் தின்னும். மூன்றாம் வரியில் சுருதி மயிரிழை இறங்கும். முன்பெல்லாம் அது யாருக்கும் கேட்டதில்லை. இப்போது எல்லார் காதிலும் அந்தச் சிடி இருந்தது. வந்தவர்கள் கைதட்டுவார்கள், மரியாதையாக. வெளியே போய், "வயசாயிடுச்சு போல" என்பார்கள். ஊர்க்காரர்களே சொல்லத் தொடங்கினார்கள். "சிடியில இருக்கற மாதிரி இப்ப இல்லியே, நெமேசியோ?"

அவனும் சிடியைப் போட்டுப் போட்டுக் கேட்டான். கூடவே பாடினான். பட்டறையில் இழைப்புளியை வைத்துவிட்டு மூன்றாம் வரியை முப்பது தடவை பாடுவான். இன்னொருவனின் தொண்டையை எட்டிப் பிடிக்கத் தன் தொண்டையைப் போட்டு முறுக்கினான். ஐந்தாம் வருஷம் குரல் உடைந்தது. காறித் துப்பினால் ரத்தம். சாந்தா குரூஸில் ஒரு மருத்துவர் உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் பாடினால் பேச்சும் போய்விடும் என்றார். மருத்துவரைப் பார்க்க வந்த இரண்டு நாளும் நெமேசியோ தங்கியது காசியானோ வீட்டில்தான்.

"என்ன தப்பு பண்ணேன்னு தெரியலடா" என்று கட்டிலில் உட்கார்ந்து கிசுகிசுத்தான் நெமேசியோ. "முப்பத்தேழு வயசுல தொண்டையைத் திறந்தா தானா வந்துச்சு. நீயே பக்கத்துல இருந்து கேட்டியே."

"கேட்டேன் அண்ணே" என்றான் காசியானோ. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துபோய்விடும். தேன் எடுத்து அண்ணனுக்கு வெந்நீரில் கலந்து கொடுத்தான்.

குரல் போனதும் நெமேசியோ சிடியைக் கையில் எடுத்துக்கொண்டான். புதிதாகப் பாட வந்தவர்களிடம் அதைப் போட்டுக் காட்டி, "இப்படிப் பாட முடிஞ்சா வா, இல்லேன்னா போய் ஆடு மேய்" என்பான். அடி முழுக்க விழுந்தது மகள் மேல். நினோஸ்காவுக்குப் பதினேழு வயது, நல்ல குரல். அவள் பாடத் தொடங்கினால் போதும், தகப்பன் எழுந்து போய்ச் சிடியைப் போடுவான்.

"கேளு. இது பாட்டு. நீ பண்றது கோழி கொக்கரிக்கறது."

"அப்பா, போதும்ப்பா."

"என்ன போதும்? என் ரத்தம்தானே உனக்கும் ஓடுது? இதுல கால்வாசி வராதா? உங்க சித்தப்பன் மாதிரி ஆயிட்டியா, கதவு!"

இது நடந்தது ஆகஸ்டில், ஊர்ப் புனிதர் பர்தோலோமேயுவின் திருவிழா மத்தியானம். மாமரத்தடியில் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. வாட்டின இறைச்சி, வேகவைத்த மரவள்ளி, சிச்சா. காசியானோவும் மேஜையில் இருந்தான். மூன்று திருவிழாவாக அவன் பையின் அடியில் ஒரு சிடி கொண்டுவந்துகொண்டிருந்தான். அதில் வெட்டாத, ஒட்டாத, எதிரொலி ஊற்றாத பதினொன்றாம் தாள் இருந்தது.

"அது நீ இல்ல அண்ணே" என்றான்.

"எது?"

"மூணாம் வரியிலேருந்து. அது நீ இல்ல. பிரிசுவேலான்னு ஒருத்தர், கோர்தோபாக்காரர். டயர் கடை மாடியில வச்சு எடுத்தோம். மூச்சு மட்டும் உன்னோடது."

நெமேசியோ சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"குடிச்சிருக்கான்" என்றாள் தோமிங்கா. "தம்பி, எழுந்து போய்ப் படுங்க."

காசியானோ எழுந்து போய்த் தன் சிடியைப் போட்டான். பெட்டியிலிருந்து கோயில் வந்தது, உள்ளபடி. பெஞ்சு கிறீச்சிட்டது, யாரோ இருமினார்கள். "ஒண்ணாவது" என்று காசியானோவின் குரல். பிறகு நெமேசியோ. மூன்றாம் வரியில் சுருதி, மைக்குக்கு ஒரு சாணில், கால் வழுக்கி விழுந்தது. "இரண்டாவது." விழுந்தது. மூன்றாவது முடிந்ததும் யோஸ்டின் குரல், கொச்சை ஸ்பானிஷில், எல்லாருக்கும் தெளிவாக: "அவரிடம் இது உள்ளதா? இவ்வளவுதானா?"

நினோஸ்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பத்து வருஷத்துச் சிரிப்பு. தலையை மேஜைமேல் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிடில்காரன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி பேசிக்கொண்டே போயிற்று. "அஞ்சாவது" என்றது.

நெமேசியோ கையைத் தூக்கினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அவனும் முப்பது வருஷம் எண்ணிப் பாடினவன்.

"மூணு ஆச்சு. அஞ்சுன்னு சொல்ற. நாலு எங்க?"

 இந்தக் கேள்வியைக் காசியானோ எதிர்பார்க்கவில்லை. அத்தனை நுணுக்கமாக வெட்டி ஒட்டத் தெரிந்தவன், ஐந்து என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு நாலு என்று வைக்க மறந்திருந்தான்.

"அந்த வெள்ளைக்காரர் வாந்தி எடுத்துட்டுப் போனார்" என்றான் நெமேசியோ. குரல் கம்மல்தான், ஆனாலும் மேஜை முழுக்கக் கேட்டது. "நான் பொத்தானைக் கழட்டினேன். சேவல் கூவுச்சு. அன்னிக்கு நான் பாடினேன். எனக்குத் தெரியும். பாடினப்பவே தெரியும். அது எங்கடா?"

"சேவல் கூவுச்சே அண்ணே. அழிச்சுட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

காசியானோ மேஜையைச் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

"அதைவிட நல்லா நான் எதையும் கேட்டதில்ல" என்றான்.

அவன் ஏன் உண்மையைச் சொன்னான் என்று கேட்டால், இரக்கத்தால் என்று சொல்ல முடியாது. அண்ணனிடம் இருந்தது என்ன, அது எப்படிப் போயிற்று என்பது அண்ணனுக்கு முழுக்கத் தெரிய வேண்டும் என்று அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது. சொல்லி முடித்ததும், தன்னிடம் இனி எதுவும் மிச்சமில்லை என்றும் தோன்றியது.

நெமேசியோ அடிக்கவில்லை. எழுந்து பட்டறைக்குள் போனான். தோமிங்கா கொழுந்தனின் பையைத் தெருவில் கொண்டுபோய்த் தொப்பென்று போட்டாள். "உங்களுக்குக் காது மட்டும்தான் குடுத்திருக்கான் ஆண்டவன். மீதி எடம் காலி" என்றாள்.

காசியானோ அன்றைக்கே பஸ் ஏறினான். அடுத்த வருஷம் அத்தை சாவுக்கு வந்தான். கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் பக்கத்தில் போய் நின்றான். யாரோ புதியவர், "இவர் உங்க தம்பியா?" என்று கேட்டார். "நான் ஒத்தப் பிள்ளை" என்றான் நெமேசியோ. நினோஸ்கா பாட்டை விட்டுவிட்டு சான் இக்னாசியோவில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவுக்கு அன்றைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளுக்கும் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அதற்கும் அடுத்த வருஷம் பெல்ஜியக் கம்பெனியிலிருந்து குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. சிடி மறுபதிப்பாகிறது, பதினொன்றாம் தாளின் புகழ்பெற்ற பாடகர் ஐரோப்பாவுக்கு வந்து ஆறு ஊர்களில் பாட வேண்டும் என்று. பிடில்காரன்தான் குழுவின் செயலாளர். கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். நெமேசியோ ஒரு கட்டிலுக்குச் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதட்டும், நெமேசியோ? உடம்பு சரியில்லன்னு எழுதவா?"

"செத்துட்டான்னு எழுது."

"ஏய், என்னப்பா..."

"போன ஆகஸ்ட்ல செத்துட்டான்னு எழுது. மறுபடி மறுபடி வந்து கேக்க மாட்டாங்க பாரு."

பிடில்காரன் எழுதினான். மறுபதிப்பு வந்தது. உறையின் பின்பக்கத்தில், மறைந்த நெமேசியோ சுருபியின் நினைவாக என்று அச்சிட்டிருந்தார்கள். அவன் பெயருக்குக் கீழேயே ஒலிப்பதிவு என்று காசியானோ சுருபியின் பெயரும் இருந்தது. ஒரே குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, கேட்டவர்கள் டயர் கடை மாடிக்குத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். கொச்சபாம்பாவிலிருந்து ஒரு பெண்மணி. லீமாவிலிருந்து ஒரு பேராசிரியர். ஒரு தடவை கோர்தோபாவிலிருந்து, பெயர் சொல்லாமல், ஒரு நல்ல குரல்.

"உங்க அண்ணனா? ஆழ்ந்த வருத்தம் ஐயா. அந்த மூணாம் வரியைத் தினமும் கேக்கறேன். என்ன ஒரு தூய்மை. எப்படிப் போனார்?"

முதல் இரண்டு மூன்று பேரிடம் காசியானோ தடுமாறினான். உயிரோடு இருக்கிறான் என்றால் அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். போகப்போகப் பழகிவிட்டது.

"தொண்டையில வந்த நோய்" என்பான். "ஆகஸ்ட்ல போனான். ஆமாங்க, நான்தான் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தேன். ரொம்ப நன்றி."

போனை வைத்துவிட்டு, பேசினவருக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொள்வான்.